போலீஸின் கையை அவிழ்த்துவிட்டால் குற்றம் குறையுமா?

கேள்வி: என் தம்பி இரவு வேலை முடிந்து நடந்து வரும்போது இரண்டு பேர் கத்தியைக் காட்டி போனைக் கேட்டிருக்கிறார்கள். கொடுத்த பிறகும் வயிற்றில் குத்திவிட்டுப் போனார்கள். பிழைத்துவிட்டான், ஆனால் இருட்டிய பிறகு வெளியே கால் வைப்பதில்லை. பிடிபட்டவன் 40 நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். எங்கள் குடியிருப்போர் சங்கம் அரசுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே மாதக்கணக்கில் அடைத்துவைக்க அதிகாரம் வேண்டும், ஜாமீனே கூடாது, தெருவெல்லாம் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் கேமரா வேண்டும், போலீஸின் கையைக் கட்டிப்போடாதீர்கள் என்று அதில் இருக்கிறது. எல் சால்வடாரைப் பாருங்கள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார்கள். போடலாமா? மனித உரிமை எல்லாம் குற்றவாளிக்குத்தானா, குத்துப்பட்டவனுக்குக் கிடையாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி உயிரோடு இருக்கிறார், அதுவே எனக்கு நிம்மதி. உங்கள் கோபம் நியாயமானது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. மனித உரிமை பற்றிப் பேசும்போது பாதிக்கப்பட்டவரின் கோபத்தை ஏதோ அறியாமை மாதிரி ஒதுக்கிவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், உங்களைப் போன்றவர்கள் அந்த மனு பக்கம் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நான் 26 வருடம் குற்றப் புலனாய்வில் இருந்தவன். இப்போது புதிதாக வேலைக்கு வரும் விசாரணை அதிகாரிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் முதலில்: இப்போது இருக்கிறபடி அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக சும்மாவும் இருக்காதீர்கள். வேறு மனு எழுதுங்கள், இதைவிடக் கறாராக. ஏன் என்று சொல்கிறேன்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் இருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் உங்கள் சங்கத்தின் கையில் இருக்கும் பலமான வாதம் அதுதான், அதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. 2015-ல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 100-க்கும் மேல் கொலை. 2024-ல் அது 2-க்கும் கீழே என்று அரசு கணக்கு சொல்கிறது. மக்கள் ராத்திரி வெளியே வருகிறார்கள், கடைக்காரர் முன்பு போல கும்பல்களுக்கு மாமூல் கட்டவேண்டியதில்லை, இதெல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கதையை முழுசாகச் சொல்லவேண்டும். 2022 மார்ச்சில் அவசரநிலை வருவதற்கு முன்னாலேயே, 2015-க்கும் 2019-க்கும் நடுவில், கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவசரநிலை வந்த பிறகு 80,000 பேருக்கு மேல் கைது. அந்த அவசரநிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பிடித்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் நிரபராதிகள் என்று அந்த அரசே பிறகு விடுவித்தது. மனித உரிமை அமைப்புகளின் கணக்கில் நூற்றுக்கணக்கானவர்கள் விசாரணை முடியும் முன்பே சிறையில் இறந்துபோனார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்று பலருக்கும் தெரியாது. 2021 மே மாதமே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு நீதிபதிகளை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. கேள்வி கேட்கக்கூடியவர்களை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் கைது செய்யும் அதிகாரம். 2025-ல் ஒரே ஆள் எத்தனை தடவை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று சட்டமும் மாறிவிட்டது. நாளைக்கு அங்கே ஒரு அம்மாவின் பையனைத் தவறாகப் பிடித்துக்கொண்டு போனால் அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இப்போது கிடைத்திருக்கும் அமைதி அவருக்கும் பிடித்திருக்கலாம். ஆனால் அந்த அமைதியைக் கொடுத்தவர் மனசு மாறினால் அதைத் தட்டிக்கேட்க ஒரு இடம் மிச்சமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதே நாட்டில் 2003-லேயே 'இரும்புக் கை' என்ற பெயரில் ஏறக்குறைய இதையே செய்துபார்த்தார்கள். கும்பல் அடையாளமாகப் பச்சை குத்தியவனை எல்லாம் பிடித்து உள்ளே போட்டார்கள். கும்பல்கள் சிறைக்குள்ளேயே சேர்ந்து, ஒழுங்காக அமைப்பு கட்டி, அங்கிருந்தே வெளியே வசூல் நடத்தின. கொலை கூடியது. அதே முறை ஒரு தடவை தோற்றது, ஒரு தடவை எண்ணிக்கையைக் குறைத்தது என்றால் அது நிச்சயமான மருந்து கிடையாது. நம் தெருவில் சோதித்துப் பார்க்கலாம் என்று அதை யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிலிப்பைன்ஸில் 2016-ல் தொடங்கிய போதைப்பொருள் வேட்டையில் போலீஸ் நடவடிக்கையில் செத்தவர்கள் மட்டும் 6,000-க்கு மேல் என்பது அரசின் சொந்தக் கணக்கு. செத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஏழைகள். அதை நடத்திய முன்னாள் அதிபர் 2025 மார்ச்சில் கைதாகி, ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, 'கையைக் கட்டாதீர்கள்' என்ற வரிக்கு வருகிறேன். என் வேலையின் முதல் வருடங்களில் என் கையும் கட்டப்படாமல்தான் இருந்தது. தொடர்ச்சியாக மூன்று வீட்டில் திருட்டு. மேலிடத்தில் இருந்து ஒரு வாரம் கெடு. ஏற்கெனவே சின்னத் திருட்டில் மாட்டிய ஒரு பையனைக் கொண்டுவந்தோம். இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை, அடி வேறு. மூன்றாம் நாள் மூன்று வீட்டையும் ஒத்துக்கொண்டான். எந்த ஜன்னலை உடைத்தான் என்றுகூடச் சொன்னான், ஏனென்றால் கேள்வியிலேயே பதிலையும் நாங்கள்தான் சேர்த்துக் கொடுத்திருந்தோம். கேஸ் முடிந்தது, பாராட்டு வந்தது. ஐந்து மாதம் கழித்து நான்காவது வீடு, அதே முறை, அதே மாதிரி ஜன்னல். இந்தத் தடவை உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையில் அடிபட்டு இறந்தார். உண்மையான ஆள் பிடிபட்டபோது முதல் மூன்று வீட்டுச் சாமானும் அவனிடம்தான் கிடைத்தது. நாங்கள் அந்தப் பையனை அடித்துக்கொண்டிருந்த இரண்டு ராத்திரியும் அவன் வெளியே இருந்தான். அந்தப் பெரியவரின் சாவில் எனக்குப் பங்கு உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன்.

இது என் ஒருவன் கதை இல்லை. 1974 நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். ஊரே கொதித்தது. ஆறு பேரைப் பிடித்தார்கள், அடித்தார்கள், நான்கு பேர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்கள், 1975-ல் ஆயுள் தண்டனை. 16 வருடம் கழித்து, 1991-ல், அந்தத் தீர்ப்பு நிற்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அந்த 21 பேரின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். குண்டு வைத்தவர்களை இதுவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. தப்பான ஆளுக்குத் தண்டனை கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் சரியான ஆளுக்கு விடுதலை கொடுத்துவிடுகிறோம். இதனால்தான் கைதானவருக்கு வக்கீல், விசாரணையைப் பதிவு செய்வது, ஒரு நாள் இரண்டு நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்துவது எல்லாம் வந்தது. பார்க்கும்போது இவை குற்றவாளிக்குக் கொடுத்த சலுகை போலத் தெரியும். விசாரணை அதிகாரியாக நான் சொல்கிறேன், என் வேலையில் தப்பு நடந்தால் நேரத்தோடு எனக்குக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே ஏற்பாடு அவைதான். இங்கிலாந்தில் 1984 சட்டத்துக்குப் பிறகு விசாரணைகளை ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். 1990-களில் வாக்குமூலம் கறப்பதை விட்டுவிட்டுத் தகவல் திரட்டுகிற புது விசாரணை முறையைப் போலீஸுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் அந்த நாடு குற்றவாளிகளின் கையில் விழுந்துவிடவில்லை.

கையைக் கட்டினால் குற்றம் கூடுமா என்பதற்கு ஒரு நல்ல சோதனையே நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 2011-ல் போலீஸ் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டது 6,85,000 தடவைக்கு மேல். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் மேல் கைதோ வழக்கோ எதுவும் இல்லை. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள். 2013-ல் இது அரசியல் சாசனத்துக்கு விரோதமாக நடத்தப்படுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. நகரம் ரத்தக்களறி ஆகிவிடும் என்று அப்போது பெரிய பெரிய ஆட்கள் எச்சரித்தார்கள். 2017-ல் அந்தச் சோதனைகள் 12,000-க்கும் கீழே வந்துவிட்டன. கொலைகள்? 2011-ல் 515, 2017-ல் 292.

அப்படியானால் எதனால்தான் குறைகிறது என்று கேட்பீர்கள். இந்தத் துறையில் இவ்வளவு காலம் இருந்ததில் நான் முழுசாக நம்புகிற ஒன்று: தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதுதான் கத்தி எடுப்பவன் மண்டையில் ஓடுகிறது. செசாரே பெக்காரியா என்ற இத்தாலியர் 1764-லேயே இதைச் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான். உங்கள் தம்பியைக் குத்தியவன் பத்து வருடமா இருபது வருடமா என்று கணக்குப் போட்டுவிட்டு வரவில்லை. அந்த இடத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்து வந்தான்.

'அந்த இடம்' என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு ஆய்வு செய்தார்கள். சில பகுதிகளில் ரோந்து வண்டியை இரண்டு மூன்று மடங்கு ஆக்கினார்கள், சிலவற்றில் வழக்கம்போல் விட்டார்கள், சிலவற்றில் ரோந்தையே எடுத்துவிட்டு கூப்பிட்டால் மட்டும் போனார்கள். குற்றத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. ரோந்து இருக்கிறதா இல்லையா என்பதே மக்களுக்குத் தெரியவில்லை. சும்மா சுற்றிவந்தால் பலன் இல்லை. அப்புறம் மினியாபொலிஸ் நகரத்தில் பார்த்தபோது, போலீஸுக்கு வரும் அழைப்புகளில் பாதி, ஊரில் இருக்கிற முகவரிகளில் 3 சதவீதத்தில் இருந்துதான் வந்தது. ஒரு முக்கு, ஒரு சந்து, ஒரு பூட்டிய கட்டடம். அந்த இடங்களில் போலீஸ் குறிப்பாக நின்றபோது குற்றம் குறைந்தது, பக்கத்துத் தெருவுக்கு அப்படியே நகர்ந்தும் போய்விடவில்லை. நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்கு வைத்துப் பார்த்தார்கள், இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. விளக்கு! யாருடைய உரிமையையும் பறிக்காத ஒரு சாதனம். உங்கள் மனுவில் அது ஒரு வரிகூட இல்லை.

இடம் மாதிரியே ஆட்களும் குறைவுதான். ஊருக்கு ஊர், தீவிரமான வன்முறையைச் செய்வது விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம், அவர்களில் பலர் முன்பு குத்துப்பட்டவர்களும்கூட. 1996-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் அந்தச் சிறு கூட்டத்தையே நேரில் கூப்பிட்டுப் பேசும் ஒரு வேலை செய்தார்கள். பிறகு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அதை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவிலேயே கத்திக்குத்துக்குப் பேர்போன ஊர் அது. 2005-ல் அங்கே போலீஸே ஒரு வன்முறைத் தடுப்புப் பிரிவைத் தொடங்கி, இதை ஒரு தொற்றுநோய் மாதிரி அணுகினார்கள். கும்பல் பையன்களை நீதிமன்ற அறைக்கே வரவழைத்தார்கள், கைதிகளாக இல்லை, கேட்பவர்களாக. காயத்துக்குத் தையல் போட்ட டாக்டர் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா பேசினார். நீங்கள் யார் யார், எந்தக் கும்பல் என்று எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் குத்தினால் கும்பல் முழுவதையும் பிடிப்போம் என்று போலீஸ் சொன்னது. கடைசியில், விட்டுவிட நினைக்கிறவன் கூப்பிடலாம் என்று ஒரு போன் நம்பர். கூப்பிட்டால் வேலை, படிப்பு, குடியை விட உதவி. அந்த அம்மா பேசும்போது அழுத பையன்கள் உண்டு என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மென்மையான அணுகுமுறை என்று இதை நினைத்துவிடாதீர்கள், கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையையும் அதே காலத்தில் கூட்டினார்கள். ஸ்காட்லாந்தில் கொலை பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதியானது. நீதிமன்றமும் தேர்தலும் பத்திரிகையும் அப்படியே இருந்தன.

பணக்கார நாட்டில் நடக்கும், மற்ற இடத்தில் நடக்காது என்று சங்கத்தில் யாராவது சொன்னால் கொலம்பியாவின் பொகொட்டாவைச் சொல்லுங்கள். 1993-ல் லட்சத்துக்கு 80 என்று இருந்த கொலை விகிதம், ஆன்டனாஸ் மோக்கஸ், என்ரிக்கே பெனலோசா என்று தேர்தலில் வந்த மேயர்கள் காலத்தில், பத்து வருடத்தில் 25-க்கும் கீழே வந்தது. மதுக்கடை மூடும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தார்கள், துப்பாக்கியைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொன்னார்கள், போலீஸுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பூங்காவும் நடைபாதையும் போட்டார்கள்.

இப்போது ஜாமீன். குத்தியவன் வெளியே நடமாடுவதைப் பார்க்கும் உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஜாமீனே கூடாது என்று சட்டம் வந்தால், அன்றைக்கு நாங்கள் பிடித்த பையன் மாதிரி ஆட்களும் வருடக்கணக்கில் உள்ளே கிடப்பார்கள், உங்கள் கேஸ் அந்தக் கூட்டத்தில் இன்னும் பின்னால் போகும். உங்களுக்கு நிஜமாக வேண்டியது வேறு: வழக்கு சீக்கிரம் நடக்கவேண்டும், வெளியே வந்தவன் உங்கள் தம்பி பக்கமே வரக்கூடாது, வந்தால் ஜாமீன் ரத்தாகவேண்டும். இதைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. வழக்கை நடத்தும் அரசு வக்கீலைப் போய்ப் பாருங்கள், ஜாமீன் நிபந்தனைகள் என்னென்ன என்று கேளுங்கள், அந்த ஆள் தெருவில் தென்பட்டால் தேதியும் நேரமும் எழுதிவைத்து அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போகாமல் சங்கத்தில் இருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேமராவை நான் எதிர்க்கவில்லை. முகத்தை வைத்து ஆளைப் பிடிப்பதில்தான் பயம். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், ஒரு கடையில் நடந்த திருட்டுக்கு முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் தப்பான ஆளைக் காட்ட, போலீஸ் அவரை அவர் வீட்டு வாசலில் மனைவி, பெண்குழந்தைகள் கண்முன்னால் விலங்கு போட்டு இழுத்துப்போனது. அடுத்த நாள் ராத்திரிதான் வெளியே வந்தார். சாதாரண கேமரா கேளுங்கள், எந்த முக்கில் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், தவறாகப் பயன்படுத்தினால் யார் பதில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது. குத்துப்பட்டவனுக்கு உரிமை கிடையாதா? உண்டு. 1985-ல் ஐ.நா. பொதுச்சபை, குற்றத்தாலும் அதிகார துஷ்பிரயோகத்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு பிரகடனமே நிறைவேற்றியது. மரியாதையோடு நடத்தப்படுவது, வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது, மிரட்டலில் இருந்து பாதுகாப்பு, இழப்பீடு, மருத்துவ மனநல உதவி எல்லாம் அதில் இருக்கிறது. தலைப்பைக் கவனியுங்கள்: திருடனிடம் அடிபட்டவரும், லாக்கப்பில் அடிபட்டவரும் அதில் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால் பெரும்பாலான இடங்களில் இது காகிதத்தோடு நிற்கிறது. உங்கள் தம்பியை விசாரித்த அதிகாரி அதற்குப் பிறகு ஒரு தடவையாவது போன் செய்தாரா? அநேகமாக இருக்காது. நாங்கள் செய்ததில்லை, அது எங்கள் தப்பு. மனித உரிமை பேசுகிறவர்கள் இதற்கும் அதே சத்தத்தில் குரல் கொடுக்கவேண்டும், கொடுக்காமல் இருந்ததில் உங்களைப் போன்றவர்களை இழந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சங்கத் தலைவரிடம் முன்னதாகவே பேசுங்கள், கூட்டத்தில் வைத்துச் சண்டை போடவேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று ஆளுக்கு ஆள் கேட்டு ஒரு தாளில் படமாகப் போடுங்கள், இரண்டு மூன்று இடத்தில் புள்ளிகள் கூடி நிற்கும். மனு அந்த இடங்களைப் பற்றி இருக்கட்டும். அங்கே விளக்கு, அந்த நேரத்தில் போலீஸ். மாதம் ஒரு தடவை அதிகாரி உங்கள் முன் வந்து, எத்தனை புகார் வந்தது, எத்தனையில் ஆள் பிடிபட்டது, எத்தனை நீதிமன்றம் போனது என்று சொல்லட்டும். போலீஸ் மேல் புகார் வந்தால் அதே போலீஸ் விசாரிக்காமல் வெளியே இருந்து ஒருவர் விசாரிக்கட்டும். நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவரிடம் இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அவசர அதிகாரம் வந்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கும் பதில் வராது. சங்கம் கேட்கவில்லை என்றால் இதைத் தனி மனுவாக எழுதி நீங்களே கையெழுத்து வாங்குங்கள். பத்துப் பேர் போட்டாலும் போதும்.

முதல் வரியை உங்கள் தம்பியிடம் கேட்டு எழுதுங்கள். எந்த இடத்தில் வெளிச்சம் இல்லை, அன்றைக்கு எந்தப் பக்கத்தில் இருந்து வந்தார்கள், கூப்பிட்டபோது உதவி வர எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத்தான் தெரியும். முடிந்தால் ஒரு நாள் சாயங்காலம், இருட்டுவதற்கு முன், நாலைந்து பேராக அவரோடு அந்த வழியில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.